செம்பு விலைக்குப் போன துட்டுகள்

நோட்டக்காரன் வேலை என்பது, அடுத்த வீட்டுக் காசைக் கையில் வாங்கி, என்ன பெறும் என்று பார்த்து, அவர்கள் முகம் வாடும்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது. வைத்தியர்களுக்கும் ஜாதகம் பார்ப்பவர்களுக்கும் என் கஷ்டம் புரியும். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இங்கிலீஷ்காரர் கொடி ஏறியதும் கடைத்தெருவுக்குப் புதுக் காசு வந்துவிட்டது. ஒல்லாந்தக் கம்பெனியின் மூன்று எழுத்து பின்னிய முத்திரையோடு அதுவரை எல்லார் கையிலும் புழங்கிய செப்புத் துட்டை மீன்காரிகூடத் தொடவில்லை. அப்பன், பாட்டன் விட்டுப்போன பானைகளும் பைகளும் என் கடைக்கு வரத் தொடங்கின. உங்களுக்கும் இப்படி ஒரு காலம் வாய்த்திருந்தால், மேலே படியுங்கள்.

மாமனார் சேர்த்தது

தோணிரேவுக் குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தாள். மாமனார் செத்து ஒரு மாதம். கிழிந்த வலைத்துண்டில் அவர் கட்டிவைத்திருந்த துட்டுகளை என் பலகையில் கொட்டினாள். உள்ளே வெள்ளிப் பணம் ஒன்றிரண்டாவது இருக்கும், வீட்டுக்குக் கூரை மாற்றிவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒரே முத்திரை, தேய்ந்த செம்பு.

"வச்சிருந்தா பின்னால வெல ஏறுமா?" என்றாள். ஏறாது, செம்பை உருக்கிப் பாத்திரம் செய்யும் கன்னானிடம் எடைக்குப் போட்டுவிடு என்றேன். துட்டுகளை ஒன்றுவிடாமல் அள்ளிப் போட்டாள். பிறகு வலைத்துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "காய்ச்சலோட கழுத்தளவு தண்ணில எறங்கி எறா தடவுன மனுசன். அப்போ நாப்பது வருசமா செம்பாதான் சேத்தாரா?"

பானையில் நாலு கை

அண்ணன், தம்பி இரண்டு பேர் தகப்பனார் கருமாதி முடிந்த மறுநாளே வந்தார்கள். தம்பி நெற்றியில் துணிக்கட்டு. வழியிலேயே பாகப்பிரிவினை நடந்துவிட்டது போலிருக்கிறது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து பானையை நாலு கைகளாலும் பிடித்திருந்தார்கள். எனக்குக் கை நுழைக்க இடமில்லை. ஒருவழியாகக் கொட்டிப் பார்த்து, "எல்லாம் சாதாத் துட்டு, ஊரில் எல்லார் வீட்டிலும் இருப்பது" என்றேன்.

நாலு கைகளும் ஒன்றாக விலகின. பானை நடுவில் அனாதையாக நின்றது. அண்ணன் எழுந்து வேட்டியை உதறி, "சின்னவன் பாவம், அவனே எடுத்துக்கட்டும்" என்றான். தம்பி பானையைப் பார்க்கவே இல்லை. "நைனாவுக்குக் கொள்ளி வெச்சவன் நீ. பானையும் நீயே தூக்கு."

காகிதத்தில் மடித்தவை

கோட்டையில் எழுத்து வேலை பார்த்த ஒல்லாந்தர் ஒருவரின் மகள் வந்தாள். தாய் இந்த ஊர்க்காரி. அதனால் நம்மைப் போலவே தமிழ் பேசுவாள். தகப்பன் இறந்துபோய், தனியாகக் கப்பலேற இருந்தாள். அவள் பெட்டியில் ஒவ்வொரு துட்டும் தனித்தனிக் காகிதத்தில் மடித்திருந்தது. காகிதங்களில் தகப்பன் ஒல்லாந்த எழுத்தில் ஏதோ எழுதிவைத்திருந்தார், என்னவென்று கேட்டேன். "நான் பொறந்த அன்னிக்கி மீன் வாங்கி மீந்த காசு", "அம்மாவுக்குப் பூ வாங்கின மிச்சம்" என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

பெறுமானம் இல்லாத காசைப் பார்த்து, "இதை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பிரித்துச் செம்பை என் பலகையில் குவித்தாள். காகிதங்களை மட்டும் பெட்டிக்குள் அடுக்கினாள். "கப்பல்ல கனம் ஏத்த விடமாட்டாங்க செட்டியாரே. அவர் கையெழுத்து எனக்குப் போதும்."

நான் உடைக்காத கட்டி

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஏரிக்கு அக்கரையில் இருக்கும் முனியம்மாவின் புருஷன் கட்டுமரம் கவிழ்ந்து கடலோடு போனவன். அவனுடைய தகப்பன் காலத்துக் கலயம் ஒன்று அடுப்படியில் புதைந்து கிடந்ததென்று கொண்டுவந்தாள். உப்பு ஈரத்தில் துட்டுகள் ஒன்றோடொன்று பச்சையாய் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. அன்று கடையில் கூட்டம். மேலே இருந்த நாலைந்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். சாதாத் துட்டு. "எல்லாம் ஒரே ரகம், கன்னானுக்குப் போட்டுவிடு" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

நாலாம் நாள் கன்னான் வந்து கையைத் திறந்து காட்டினான். உலையில் வைத்ததும் கட்டி பிளந்து உள்ளிருந்து மூன்று பொன் வராகன். அவளுக்கு ஒன்றாவது கொடு என்று கெஞ்சினேன். "நான் எடைக்கு வாங்குனது. உள்ள இருந்ததும் என்னுதுதான்" என்று போய்விட்டான். என்னிடமிருந்த ஒரு வராகனை எடுத்துக்கொண்டு படகேறினேன். செம்பு விற்ற காசு நாலு நாள் அரிசிக்குக்கூட வரவில்லையாம். பத்து வயதுப் பெண்ணைச் சென்னப்பட்டணத்தில் யாரோ ஒருவர் வீட்டு வேலைக்கு அதற்கு முந்தின நாள்தான் அனுப்பியிருந்தாள். நடந்ததைச் சொல்லி வராகனை நீட்டினேன். ஏசுவாள் என்று நினைத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முனியம்மாவின் அண்ணன் பெண்ணை அழைத்துவரப் பட்டணத்துக்குப் போய்த் தேடினான். சொன்ன தெருவில் அந்த வீட்டார் இல்லை. பெண் கிடைத்து ஊர் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படகுத்துறையில் தாய், மகள் இரண்டு பேரையும் பார்த்தேன். குச்சி மாதிரி இளைத்திருந்தது குழந்தை, முழங்கையில் சூட்டுத் தழும்பு. ஒதுங்கிப் போகப் பார்த்தேன். முனியம்மா பார்த்துவிட்டாள். கோபமே இல்லாத குரலில் மகளிடம் சொன்னாள்: "இவருதான்டி நம்ம காசப் பாத்துச் சொன்னவரு."

இத்தனைக்கும் என் தகப்பனார் எனக்கு விட்டுப்போனதில் காசு ஒன்றுகூடக் கிடையாது, இந்தத் தொழில் ஒன்றுதான். அது என்ன பெறும் என்று பார்த்துச் சொல்லத்தான் ஊரில் ஒரு நோட்டக்காரன் இல்லை.