தவளை கிடந்த கிணறு

நேற்று பஸ்ஸில் பக்கத்தில் வந்து இருந்தவர் கட்டியிருந்த சாரத்தில் புல்லுக்கு அடிக்கும் மருந்து நெடி. வயலில் இருந்து நேரே வந்திருப்பார், பாவம். மூக்கைப் பொத்தினால் குறை நினைப்பாரே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நெடி வந்தால் எனக்குக் கிரான் கிராமத்தில் செல்வியக்காவின் கிணறுதான் நினைவுக்கு வரும்.

ஆசிரியை வேலை கிடைத்த புதிதில் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். பின்பக்கம் வட்டை, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். மாரி தொடங்கிவிட்டால் அந்தியில் தவளைகள் போடும் கூச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டவுனில் வளர்ந்த எனக்கு எரிச்சலாக வரும். போதாததற்குக் குடிக்கிற கிணற்றுக்குள்ளும் ஒரு தவளை. அக்கா காணாத நேரம் பார்த்துத் தண்ணீரைத் துணியில் வடித்துக் குடிப்பேன். ஒருநாள் கண்டுவிட்டார்.

"அது கிடந்தாத்தான் மனே தண்ணி நல்லம்," என்று சிரித்தார். அங்கே யாரும் கிணற்றுத் தவளையை எடுத்துப் போடமாட்டார்கள். விரால் குஞ்சும் விட்டு வைப்பார்கள்.

ஒரு போகம், அக்காவின் புருஷன் மருந்து அடித்துவிட்டு வந்து, மருந்து டாங்கியைக் கிணற்றடியில் வைத்தே கழுவினார். எல்லாரும் செய்வதுதான். விடியப் பார்த்தால் விரால் வயிறு வெளுத்து மிதக்கிறது, பக்கத்தில் தவளையும் செத்து. அக்காவின் இடுப்பில், அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மா குடிக்கிற மகள்.

"தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு, ஒண்டுமில்ல," என்றார் புருஷன். உண்மைதான், அவ்வளவு தெளிவாக அந்தத் தண்ணீரை நான் கண்டதில்லை.

"மறுகா புள்ளைக்கு என்னத்தக் குடுக்கிற?" அக்கா கத்தினார். அவர் அழுது நான் கண்டது அன்றுதான்.

கிணற்றை இறைத்தார்கள். வேறு தவளை பிடித்து உள்ளே விட்டார்கள், அதுவும் செத்தது. அயலிலும் அதே கதை. பிறகு வாய்க்காலில் தவளைக் குஞ்சுகளான வாற்பேத்தைகளும் இல்லாமல் போயின. வட்டைத் தண்ணீர் போய் விழுகிற வாவிக் கரையில் மீன் மிதக்கிறது என்றார்கள். மருந்து அடிக்காமல் விளையாது என்றும் அவர்களே சொன்னார்கள். யாரை நோவது? எனக்கு அலுத்துவிட்டது.

போன மாரியில் கிரானுக்குப் போனேன். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கடவுள் காத்தார். இப்போது அவளுக்கே பிள்ளை. கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அந்திபட்டும் வட்டையில் சத்தமே இல்லை, நாங்கள் மெல்லப் பேசியதுகூடக் கேட்டது. அக்கா குழாய்த் தண்ணீரைக் கிளாசில் ஊற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முந்தித் தவளையப் பாப்பம். இப்ப எதப் பாத்து மனே நம்பிக் குடிக்கிற?"

தாகமாக இருந்தது, வாங்கிக் குடித்தேன்.