முதலில் தாயார் சன்னதி

நியூஜெர்சியில் பிஸ்கட்டவே பக்கம் ஒரு பெருமாள் கோயில். மழை விட்டும் வாசல் ரோட்டில் கணுக்கால் தண்ணீர் வடியவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து செருப்பு ஸ்டாண்டில் வைக்கிறேன். பேன்ட்டை மடித்துவிட்டபடி ஒருவர் புலம்பிக்கொண்டிருக்கிறார். வரதன், உள்ளூர்க்காரர்.

"டிரெயினேஜ் போட ஃபெடரல் ஃபண்ட் வேணுமாம் சார். அதுக்கு வாஷிங்டன்ல போய்ப் பேச டவுன்ஷிப் ஒரு லாபியிஸ்ட்டை ஹயர் பண்ணப் போகுதாம். நம்ம டாக்ஸ் பணம்! நேரா கேட்டா தரமாட்டாங்களா? நடுவுல ஒருத்தர் எதுக்கு? சாயங்காலம் கவுன்சில் மீட்டிங்ல கேக்கத்தான் போறேன்."

நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுப் பெருமாள் சன்னதிக்கு நடக்கிறேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்துகிறார்.

"முதல்ல தாயாரைச் சேவிங்க சார். அவங்க எடுத்துச் சொன்னாத்தான் பெருமாள் காதுல ஏறும்."

சொன்னவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அவரும் சிரித்துவிடுகிறார்.

இரண்டு சன்னதியும் சேவித்துவிட்டு, சுடச்சுடப் புளியோதரையோடு உட்காருகிறோம்.

"அப்போ மீட்டிங்?"

"போவேன். கேள்வியை மட்டும் மாத்திட்டேன்," என்கிறார். "அந்த லாபியிஸ்ட் நல்லா எடுத்துச் சொல்லுவாரா?"