மூக்கு வழியே ஒரு சங்குப் பால்

அடுத்தவர் பெற்ற பிள்ளைக்கு மூக்கு வழியாகச் சாப்பாடு போட்டு, அதே பிள்ளையிடம் உதை வாங்குவதுதான் எங்கள் தொழில். திருவண்ணாமலையில் குழந்தைகள் வார்டில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். இப்போது வேங்கிக்கால் ஆபீஸில் நாற்காலி வேலை, யாரும் உதைப்பதில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று வார்டில் நின்ற நர்ஸுகளான உங்களுக்குத் தெரியும்.

அளவு

நஸ்ரீனுக்கு நாலு வயசு. மூளைக்காய்ச்சலில் பிழைத்தவள், விழுங்க மறந்துவிட்டாள். அவள் அப்பா பாஷா பாய், பஜாரில் டெய்லர். மகளுக்குக் குழாய் போடப்போகிறோம் என்றதும் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் குழாயை மூக்கு நுனியில் வைத்து, காது மடல் வரை இழுத்து, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் நுனி வரை அளந்து குறி போட்டேன். அளவு எடுப்பதைப் பார்த்ததும் மனிதருக்குத் தெளிவு வந்துவிட்டது.

"சிஸ்டர், ரெண்டு இன்ச் ஜாஸ்தியா விடுங்க. வளர்ற புள்ள!"

பௌர்ணமி

கீழ்பென்னாத்தூர் கவிதாவின் கைக்குழந்தைக்கு, வாயில் ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினோம். தலையை உயர்த்திப் பிடி, சிரிஞ்சை அழுத்தாதே, பால் தானாக இறங்கட்டும், குழாய் நகர்ந்தால் ஒரு சொட்டும் ஊற்றாமல் ஓடி வா என்று பத்துத் தடவை சொன்னேன். தலையாட்டினாள். காதில் ஏறவில்லை என்றுதான் நினைத்தேன்.

ஒரு பௌர்ணமி மத்தியானம். கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. அங்கிருந்து வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தாள். கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி பிரிந்து, குழாய் பாதி வெளியே. அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. புதுக் குழாய் போட்டு, அதன் வழியே உறிஞ்சி எடுத்த நீரை அமிலம் காட்டும் தாளில் சோதித்து, குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகு பால் விட்டேன். அது இறங்கத் தொடங்கிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள்.

"பசிச்சு அழுவுது, ஊத்தும்மானு பஸ்ஸுல எல்லாரும் திட்டுனாங்க சிஸ்டர். நான் ஊத்தல. சரிதானுங்களே?"

ருசி

நஸ்ரீனுக்குக் குழாயைக் கழற்ற இரண்டு மாசம் ஆனது. அத்தனை நாளும் குழாயில் விட்ட அதே கஞ்சியை, முதல் தடவையாக ஸ்பூனில் எடுத்து வாயில் வைத்தேன். பாஷா பாய் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மெல்ல விழுங்கினாள். இருமல் இல்லை. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இத்தயா இத்தினி நாளா எனக்கு ஊத்துனீங்க?"

ஆக, ஒரு பிள்ளை நம் கஞ்சியைக் குறை சொல்லத் தொடங்கிவிட்டால், நம் வேலை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.