மவுஸைப் பிடுங்கிய என் கை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எங்கள் குலசாமி ஆத்தா எனக்குச் செய்தது உங்களுக்குப் புரியும்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் பெண்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். பிளெக்ஸ் பேனர், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம். போன தை மாதம் சாந்தாமணி அக்கா வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தாறு. இருபது வருடம் விசைத்தறி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்துபோய் இனி நிற்க முடியாது. கணவரும் படுத்த படுக்கை. நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த ஒரு பிளெக்ஸ் கடைக்காரர், "சித்திரைக் கடைசீல கூட்டிட்டு வாங்க. என் கண்ணு முன்னால ஒரு பேனரத் தனியாப் போட்டுட்டா வேலை அவங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை.

ஆனால் அவரோடு நான் பட்ட பாடு! போட்டோவைப் பெரிதாக்க மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும். அக்கா பக்கவாட்டில் இழுப்பார். விசேஷ பேனரில் இருக்கும் தாய்மாமன் முகம் பூரி மாதிரி உப்பிவிடும். நூறு தடவை சொன்னேன். "சரிங்க டீச்சர்" என்பார். அடுத்த நிமிடம் மறுபடியும் பூரி. பொறுக்க முடியாமல் மவுஸைப் பிடுங்கி நானே செய்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க." ஒரு மண்ணும் புரிந்திருக்காது. பங்குனி பிறந்தும் இதே கதைதான்.

கடைசியில் ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் முன்னால் போய் நின்றேன். அதை வேண்டுதல் என்பதைவிடச் சண்டை என்றே சொல்லலாம். "ஆத்தா, கத்திக் கத்தி எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. அந்தக்காவுக்குக் கொஞ்சம் புத்தியக் குடு" என்று அழுதேன். தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியவள், தண்ணீர் சிந்தியிருந்த கல்லில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது.

கேட்டது அவருக்குப் புத்தி. கிடைத்தது எனக்கு மாவுக்கட்டு. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் பொறுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அக்கா வழக்கம்போலப் பக்கவாட்டில் இழுத்தார். என் கை தன்னால் பாய்ந்தது. கட்டு மேஜையில் இடித்து உயிர் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அக்கா திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், படத்தச் சுத்தி எட்டுப் பொட்டுத் தெரியுதுங்களே, இதுல எதைங்க புடிக்கறது?"

மூலை மூலை என்று நூறு தடவை கத்திய நான், அந்த எட்டுப் புள்ளிகளை ஒருநாளும் காட்டவே இல்லை. "இத்தன நாளா ஏங்கா கேக்கல?" என்றேன்.

"வாயெடுக்கறதுக்குள்ள மவுசு உங்க கைக்குப் போயிருமுங்க. டக்கு டக்குன்னு முடிச்சிருவீங்க. எனக்கு ஒண்ணும் கண்ணுல நிக்காதுங்க. புரியலீன்னு சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு உட்டுட்டேனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "கை வலிக்குதுங்களா சாமி?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன்பிறகு நான் வாயால் மட்டும் சொன்னேன். அவர் ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். எனக்கு உள்ளே கொதிக்கும், கை மட்டும் மாவுக்கட்டுக்குள் கிடக்கும். கட்டுப் பிரிக்க நாலு நாள் இருக்கும்போது நாமக்கல் போனோம். கடைக்காரர் ஒரு காதணி விழா பேனர் போடக் கொடுத்தார். நான் கதவோரம் நின்று ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நிதானமாக மூலையைப் பிடித்தார். ஒரு முகமும் உப்பவில்லை. தாய்மாமன் படம் மட்டும் பெற்றோர் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. ஏன் என்று கடைக்காரர் கேட்டார்.

"சின்னதாப் போட்டா மாமன் சீர் கொண்டாருவாரா? ஊட்டுக்குத் திரும்பிருவாருங்க" என்றார் அக்கா. கடைக்காரர் சிரித்துவிட்டு, திங்கள்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. பொய் சொல்லமாட்டேன். ஆனால் வகுப்பில் இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். அன்று விழாமல் இருந்திருந்தால், அந்த அக்கா "புரிஞ்சுதுங்க" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார். நானும் அவரை மக்கு என்றே கடைசிவரை நினைத்திருப்பேன்.

யாரையாவது நினைத்து நொந்துபோயிருந்தால் நீங்களும் ஆத்தாவிடம் போய்க் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். யாரைத் திருத்துவது என்பதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் கைவிடமாட்டாள்.