சீமெந்துத் தரையில் பதினொரு அடுப்புகள்

நானாட்டான் பக்கத்தில் ஒரு பழைய நெற்களஞ்சியத்தில் எங்களை இறக்கிவிட்டபோது, இரண்டு கிழமைதான், பதினான்கு நாள், என்றார்கள். முசலிக் கரையோரத்தில் இருந்த எங்கள் ஊரில் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை. முடிந்ததும் கொண்டுபோய் விடுவார்களாம். அங்கே பதினான்கு மாதம் இருந்தோம். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

பதினொரு குடும்பங்கள் சேலைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு அந்தக் களஞ்சியத்தைப் பிரித்துக்கொண்டன. இரண்டு பாய் அகலம் எங்கள் பங்கு. அப்பா, அம்மா, தங்கச்சி, நான். அடுத்த வீட்டுக்காரர் புரண்டு படுத்தால் எங்கள் சேலைச் சுவர் அசையும். அம்மா அதை வீடு என்றுதான் சொல்வார். சேலையை விலக்கிக்கொண்டு யாராவது தலையை நீட்டினால், "வெளியில நிண்டு கூப்பிடுங்கோ, வாறன்" என்பார்.

மத்தியானம் சமைத்த சோறு ட்ரக்டரில் வரும். பருப்பும் பூசணிக்காயும். அடுத்த நாளும் அதுவே. தட்டோடு வரிசையில் நிற்க வேண்டும். முகாமுக்குப் பொறுப்பானவர் இளம் வயதுக்காரர். எல்லாரும் அவரை 'சேர்' என்பார்கள். அம்மா மட்டும் 'தம்பி' என்பார்.

கடலில் வலை இழுத்த அப்பா அங்கே வயல் கூலிக்குப் போனார். ஒருநாள் வரம்பு கட்டிவிட்டு நாலு மணிக்கு, முழங்கால்வரை சேறோடு வந்தார். மத்தியானம் அம்மா அவருக்கென்று சோறு கேட்டிருந்தார், கொடுக்கவில்லை. இப்போது திரும்பப் போய்க் கேட்டார்.

"வரிசையில நிக்காத ஆளுக்குச் சாப்பாடு இல்லை அக்கா. அதுதான் சட்டம்" என்றார் பொறுப்பாளர்.

"அவர் வேலைக்குப் போனவர் தம்பி. படுத்துக் கிடக்கேல்ல."

"நான் என்ன செய்யிறது?"

அப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, பசியில்லை என்றார். மறுநாள் காலை அம்மா, பொறுப்பாளர் மேசை போட்டிருந்த கந்தோரின் வாசலில் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

"சமைச்ச சோறு எங்களுக்கு வேண்டாம். அரிசியைத் தாங்கோ, பருப்பைத் தாங்கோ. நாங்கள் சமைக்கிறம்."

"இதுக்குள்ள நெருப்பு மூட்டேலாது அக்கா."

"முற்றத்தில மூட்டுறம். நெல்லுக் காயப்போட்ட சீமெந்துத் தரைதானே. சீமெந்து பத்தி எரியுமோ?"

அவர் மேசையில் கிடந்த கோப்பு ஒன்றைத் திறந்தார். அம்மா நேரே முற்றத்துக்குப் போய் மூன்று கல்லை வைத்து, பனையோலையைப் பற்றவைத்து, தேத்தண்ணிக்குக் கேத்திலை ஏற்றினார். பொறுப்பாளர் வந்து காலால் கற்களைத் தள்ளினார். கேத்தில் கவிழ்ந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே எங்களுக்கு 'முகாம் பிள்ளையள்' என்று பேர். "அம்மா, விடுங்கோ. வாங்கோ உள்ளுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையை உதறிவிட்டுக் கற்களைப் பொறுக்கினார்.

அடுத்த நாளும் வைத்தார். அடுத்த நாளும் தள்ளினார்கள். மூன்றாம் நாள் காலை நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்துச் சேலைக்காரப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி மற்றக் கையில் ஒரு கல்லோடு வெளியே போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் கந்தோருக்கு முன்னால் பதினொரு அடுப்புகள். உலையில் போட அரிசி இல்லை, தண்ணீரைத்தான் கொதிக்கவைத்தார்கள். ட்ரக்டரில் வந்த சோற்றுக்கு யாரும் போகவில்லை. தங்கச்சி பசியில் அழுதாள். அம்மா வெந்நீரில் சீனியைக் கரைத்துக் கொடுத்தார்.

பின்னேரம் மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். "யார் இதைத் தொடங்கினது?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாயைத் திறக்குமுன், கைக்குழந்தைக்காரப் பெண் "நான்" என்றார். பிறகு இன்னொருவர், "நான்தான் சேர்." பிறகு எல்லாரும். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, நானும் "நான்" என்று கத்தினேன். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து அரிசியும் பருப்பும் உலர் உணவாகத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தந்தார்கள்.

தாழ்வுபாட்டுக் கடற்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரர் அதுவரை எங்கள் வாசலில் நின்றதே இல்லை. புகையைப் பார்த்ததும் நிற்கத் தொடங்கினார். முதல் நாள் அம்மா சூடை மீன் வாங்கி, புளி நிறையவிட்டுக் காய்ச்சினார். அப்பா வேலையால் வந்ததும் அவருக்கென்று மூடிவைத்த சோற்றைத் திறந்துவைத்தார். அப்பா தட்டைச் சுற்றிச் சுற்றி வழித்துத் தின்றார். பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எங்களை ஊருக்குக் கொண்டுபோக லொறி வந்த அன்றும் ஒரு சண்டை. மீள்குடியேற்றத்துக்கான எல்லா உதவியும் கிடைத்ததென்று ஒரு தாளைப் பொறுப்பாளர் நீட்டினார். மற்றவர்கள் அவசரத்தில் கையெழுத்து வைத்தார்கள். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசித்தார்.

"வீடு எண்டு கிடக்கு. எங்க வீடு?"

"அது பிறகு வரும் அக்கா. இப்ப வையுங்கோ." லொறிக்காரர் ஹோன் அடித்தார்.

"வந்தாப் பிறகு வைக்கிறன். இப்ப தந்ததை எழுதுங்கோ. தகரம் பன்னிரண்டு. மழைக்கு இழுத்துக் கட்டப் படங்கு ஒண்டு."

பொறுப்பாளர் பெருமூச்சுவிட்டு, வீடு என்ற வரியை வெட்டி, அம்மா சொன்னபடி எழுதினார். முன்பே கையெழுத்து வைத்த இரண்டு பேர் திரும்பி வந்து தங்கள் தாளையும் கேட்டார்கள். அவர்களுடையதையும் வெட்டி எழுதி முடிக்க ஒரு மணித்தியாலம் போனது. அம்மா அதுவரை லொறியில் ஏறவில்லை. வெயிலில், கந்தோர் வாசலிலேயே நின்றார். இந்த முறை நானும் பக்கத்தில் நின்றேன்.