ஒன்றிலும் முதலாவதாக வராத அக்கா

வலிக்குத் தேய்க்கிற மின்யாக் ஆங்கின் எண்ணெய் வாசனை. அதோடு மழையில் ஊறிய புல் வாசனை...

இந்த இரண்டும் சேர்ந்து எங்கே வந்தாலும் எனக்கு அந்த ஸ்டேடியம்தான் ஞாபகம் வரும், ஃபிரண்ட்ஸ். அக்கா ஸ்டெல்லா காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் அவள் கெண்டைக்காலில் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன். "மெதுவாலா... எலும்பு ஒடஞ்சிரும்" என்று திட்டு வேறு.

பினாங்கு டீமுக்கு ஆள் எடுக்கும் போட்டி. ஹெப்டத்லான். ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம்.

சனிக்கிழமை ஹர்டல்ஸ், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், இருநூறு மீட்டர். ஞாயிற்றுக்கிழமை நீளம் தாண்டுதல், ஈட்டி, கடைசியாக எண்ணூறு மீட்டர். ஒருத்தியே ஏழையும் செய்ய வேண்டும். எனக்கெல்லாம் எங்கள் ஆயர் ஈத்தாம் பிளாட்டில் லிஃப்ட் ரிப்பேர் ஆனாலே அன்றைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையை விட்டுவிட்டு வந்திருந்தார். எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"டீம்ல எடுத்தா ஓடு. எடுக்கலன்னா திங்கக்கிழம பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் போ. சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்."

அக்கா ஷூவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஓட்டம்தான் உயிர். அது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

காலையில் நீளம் தாண்டியதில் அக்கா இரண்டாவது. ஈட்டியிலும் இரண்டாவது. அப்பா என்னிடம் கேட்டார். "நேத்து என்னா ஆச்சு?"

"ரெண்டுல ரெண்டாவது, ஒண்ணுல மூணாவது, ஒண்ணுல நாலாவது."

அப்பா முகம் சுருங்கிப் போனது. "ஒண்ணுலகூட முதல்ல வரலியா? அப்புறம் என்னாத்துக்கு இன்னும் ஓடணும்? வா, வீட்டுக்குப் போலாம்."

நல்லவேளை, அக்காவின் கோச் பரமேஸ் மிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், இப்ப உங்க பொண்ணுதான் லீடிங்."

அப்பா மிஸ்ஸை ஏற இறங்கப் பார்த்தார்.

இதில் எத்தனையாவது வந்தாய் என்பது கணக்கே இல்லையாம். எவ்வளவு தூரம் எறிந்தாய், எவ்வளவு உயரம் தாண்டினாய், எவ்வளவு நேரத்தில் ஓடினாய்... ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அக்காவுக்கு அடுத்த இடத்தில் இருந்த, ஓட்டத்தில் பறக்கிற மெய் லிங் குண்டிலும் ஈட்டியிலும் நிறைய இழந்துவிட்டாள். அக்கா எதிலும் பெரிதாக இழக்கவில்லை.

"பரீட்ச மாதிரிப்பா" என்றேன். "எந்தப் பாடத்துலயும் ஃபர்ஸ்ட் மார்க் இல்லாமலே கிளாஸ்ல ஃபர்ஸ்ட் வரலாம்ல?"

"இப்ப எண்ணூறுல மெய் லிங்தான் முதல்ல வருவா. வரட்டும்" என்றார் மிஸ். "அவ வந்து ஆறு செகண்டுக்குள்ள ஸ்டெல்லா வந்துட்டா போதும்."

"தோத்துட்டே ஜெயிக்கிறதா? என்னா மிஸ் இது, புதுசா இருக்கு!"

எண்ணூறு மீட்டர் தொடங்கியது. மெய் லிங் அடித்துக்கொண்டு போனாள். இரண்டாவது சுற்றில் அக்காவின் தோள் இறுகிவிட்டது, வாய் கோணிவிட்டது. முன்னால் இரண்டு பேர் வேறு.

மெய் லிங் கோட்டைத் தாண்டியதுதான் தாமதம், அப்பா எழுந்து நின்று எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு! ரெண்டு! மூணு!" அக்கா இன்னும் வரவில்லை. "நாலு! அஞ்சு!" ஸ்டாண்டில் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள். "ஆறு..."

அதற்கப்புறம்தான் அக்கா கோட்டைத் தாண்டி அப்படியே விழுந்தாள்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். "போச்சு. எம்புள்ள போராடுச்சு... போச்சு." கண் கலங்கிவிட்டது. அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பயத்தில் மனுஷர் எவ்வளவு வேகமாக எண்ணினார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை!

அப்போதெல்லாம் டைம் எடுத்து, பாயிண்ட் புத்தகத்தைப் புரட்டி, கையால் கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில்தான் நான் அதைப் பார்த்தேன். முடித்த ஒரு பெண்ணும் டிராக்கை விட்டுப் போகவில்லை. மெய் லிங் நொண்டிக்கொண்டே வந்து அக்காவைத் தூக்கிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கடைசிப் பெண் வந்து சேரும்வரை எல்லாரும் கைதட்டிக்கொண்டே நின்றார்கள். பிறகு கைகோத்து வரிசையாக நின்று ஸ்டாண்டைப் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். யார் ஜெயித்தது என்று அவர்களுக்கே தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"ஏம்மா, போட்டிக்காரிதானே... ஏன் கட்டிப் புடிக்குது?" என்றார் அப்பா.

"ஏழையும் ஒண்ணா முடிச்சிருக்காங்கப்பா."

அப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார்.

ஸ்பீக்கரில் "தெம்பாட் பெர்த்தாமா" என்று முதல் இடத்தை அறிவித்து அக்கா பெயரைச் சொன்னபோது மிஸ் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. வீடு திரும்பும் பஸ்ஸில் அப்பா வாயே மூடவில்லை. "குண்டுக்கு எவ்ளோ பாயிண்ட்? உயரத்துக்கு எப்படிப் போடுவாங்க?" அக்கா தூங்கி வழிந்துகொண்டே பதில் சொன்னாள்.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டார். ஃபேக்டரிக்குத் தானே போய், "எம்பொண்ணு வரமாட்டா சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அக்கா ஸ்கூலில் பெண்களுக்கு டிரெயினிங் கொடுக்கிறாள். போன வாரம் அப்பாவும் நானும் போனில் ஒரு ஹெப்டத்லான் பார்த்தோம். இப்போதெல்லாம் ஓடியவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பாயிண்ட் வந்துவிடுகிறது. பதற்றப்படக்கூட நேரம் இல்லை. ஜெயித்தவள் கொடியைப் போர்த்திக்கொண்டதும் நான் போனை வாங்கப் போனேன்.

அப்பா தரவில்லை.

"முடிஞ்சிருச்சுப்பா. பாயிண்டெல்லாம் வந்துருச்சு."

"பாயிண்டு வந்துருச்சுமா" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தக் கடைசிப் புள்ள இன்னும் வரலியே."