தவமணி திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம்

கனடாவில் இருக்கும் ஒருவர் ஊரில் இருக்கும் தன் துணையைப் பார்வையாளர் விசாவில் அழைப்பது எப்படி என்று தேடினால் முகவர்களின் விளம்பரங்கள்தான் வருகின்றன. முகவர் இல்லாமல் செய்தவர் யாரும் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன். எங்களுக்கு விசா கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. மனைவி காலமாகிவிட்டார். தவமணி யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் இருக்கிறார். கணவரை இழந்தவர், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் காணிக்கு வேலி அடைக்கிற விஷயமாகத் தொலைபேசியில் பேசத் தொடங்கி, ஐந்து வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த வயதில் கல்யாணப் பதிவு வேண்டாம் என்பது அவர் முடிவு. அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்வதாக இல்லை. வீடியோவில் எனக்குப் பின்னால் ஒரு மஞ்சள் சுவர் தெரியும். "உந்தச் சுவரை ஒருக்கா நேரிலை பாக்கவேணும்" என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். இந்த வருடம் தை மாதக் கடைசியில் அதற்காகவே ஊருக்குப் போனேன்.

முதலில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முகவரிடம் போனோம். பண்டத்தரிப்பிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தவமணி முன்பக்கம் பெண்களோடு இருந்தார், நான் கடைசி வரிசையில் இருந்தேன். தெரிந்தவர்கள் ஏறி இறங்கும் ஊர்ப் பஸ்ஸில் நாங்கள் அப்படித்தான் போக முடியும்.

முகவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். "அங்கிள், அம்மாவின்ரை பேரிலை வீடு இருக்கோ?"

"மகளுக்குச் சீதனமாக் குடுத்தாச்சு. அதிலைதான் நானும் இருக்கிறன்" என்றார் தவமணி.

"அப்ப மகளை ஒருக்காத் திருப்பி எழுதச் சொல்லுங்கோ. விசா கிடைச்சாப் பிறகு மாத்தலாம். பாங்கிலையும் ரெண்டு மாசத்துக்கு ஒரு தொகை போட்டு வைப்பம்."

"குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? மருமகன்ரை முகத்திலை பிறகு எப்பிடித் தம்பி முழிக்கிறது?"

நானும் எழுந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ரொறன்ரோவில் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டே வானொலி கேட்டு ஆங்கிலம் படித்தவன். ஒரு படிவத்தை உண்மையாக நிரப்ப எனக்கு முகவர் தேவையில்லை.

விண்ணப்பத்தை இணையத்தில் நானே நிரப்பினேன். விரல் அடையாளத்தோடு சேர்த்து 185 கனடா டொலர் கட்டினோம். நீங்கள் போகும்போது தொகை மாறியிருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். விரல் அடையாளம் கொடுக்கக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். காலை ரயிலில் இரண்டாம் வகுப்பு ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்தேன். இரவு பஸ்ஸும் உண்டு, ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரயில்தான் நல்லது.

யாழ்ப்பாணம் நிலையத்தில் தெரிந்த முகங்கள் இருந்ததால் தள்ளித் தள்ளியே நின்றோம். கிளிநொச்சி தாண்டும்வரை அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வவுனியாவுக்குக் கிட்ட வந்ததும், "இஞ்சருங்கோ, புட்டு ஆறப்போகுது" என்று பொதியைப் பிரித்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் கணவரை அழைக்கிற சொல் அது. ஐந்து வருடத்தில் முதல்முறையாகக் கேட்டேன். தலை குனிந்துகொண்டு புட்டைச் சாப்பிட்டேன்.

கொழும்பில் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. வெள்ளவத்தையில் தவமணியின் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்பினோம். வவுனியா தாண்டியதும் அவர் மறுபடியும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறாவது வாரம் பதில் வந்தது. விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்புவார் என்று நம்புவதற்குப் போதிய பிணைப்பு இல்லையாம். வீடு மகள் பேரில், சேமிப்பு கொஞ்சம். விண்ணப்பத்தோடு நான் எழுதி இணைத்த ஒரு பக்க விளக்கத்தால் பயன் இல்லை. தவமணியின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

மகள் வினோதினிதான் முதலில் வாய் திறந்தாள். "நான் எழுதித் தாறன் எண்டு சொன்னனான் அங்கிள். ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்."

"அடுத்தமுறையும் மாட்டன் பிள்ளை" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். இல்லாத வீட்டை இருப்பதாகக் காட்டி அவரைக் கூட்டிப் போகமாட்டேன்.

என் மனவருத்தம் வேறு. மூன்று மாதம் ஊரில் நின்றேன். கீரிமலைக்குப் போகலாம், நயினாதீவுக்குப் போகலாம் என்று அவர் கேட்ட போதெல்லாம், "முதலிலை உந்த அலுவல் முடியட்டும்" என்றேன். நாங்கள் சேர்ந்து போன ஒரே தூரப் பயணம் விரல் அடையாளம் கொடுக்கப் போனதுதான்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். வீட்டைச் சீதனமாகக் கொடுத்த தாய்மார், கடைசிவரை அந்த வீட்டிலேயே தாய் இருப்பார் என்று பிள்ளையிடம் சட்டத்தரணி முன் கையெழுத்திட்ட சத்தியக் கடதாசி வாங்கி இணையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்றால் அதையும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பை அங்கீகாரம் பெற்றவரிடம் செய்யுங்கள். பதில் வரும்வரை விமானச்சீட்டு வாங்காதீர்கள். பதில் வரும்வரை வாழாமல் இருக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வழியாகத் திரும்பினேன். பண்டத்தரிப்பிலிருந்து ஓட்டோவில் அரை மணி நேரம்கூட இல்லை. கனடாக் குடியுரிமை எடுத்துவிட்டதால், நான் பிறந்த ஊருக்கு வர எனக்கும் பார்வையாளர் விசாதான். இணையத்தில் பத்து நிமிடத்தில் கிடைத்தது, பிறகு நீட்டவும் முடிந்தது. எந்தப் பிணைப்பையும் யாரும் கேட்கவில்லை.

நான் புறப்பட்ட அன்று தவமணி வாசல் கேற்றடியில் நின்றார். ஓட்டோக்காரர் அந்த ஊர்க்காரர்தான், ஆனாலும் தவமணி தள்ளி நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ, நான் திரும்பி வருவன் எண்டதுக்கு உந்த விசாக்காரர் அத்தினை ஆதாரம் கேட்டினம். நீங்கள் திரும்பி வருவியள் எண்டதுக்கு எனக்கு என்ன ஆதாரம் தருவியள்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஓட்டோக்காரர், "ஐயா, நேரம் போகுது" என்றார். கையிலிருந்த பயணச்சீட்டைப் பார்த்தேன். வருகிற பக்கம் முடிந்துவிட்டது. அதில் மிச்சமிருந்தது ரொறன்ரோவுக்குப் போகிற பக்கம்தான்.